பிக்பூல் தெ பினே: எலுமிச்சைக்கு வேலை வைக்காத வெள்ளை ஒயின்

தென் பிரான்சு என்றதும் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினும் கனமான சிவப்பு ஒயினும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வெயில் கொளுத்தும் அந்தப் பகுதியின் லாங்க்தோக் கரையில் பிக்பூல் தெ பினே என்ற புளிப்புத் தூக்கலான வெள்ளை ஒயின் விளைவதற்கு முதல் காரணம் திராட்சை. பிக்பூல் என்ற அந்தத் திராட்சை தாமதமாகப் பழுக்கும், பழுத்த பிறகும் புளிப்பை விடாது. செத் நகருக்கு அருகே, தோ காயலை ஒட்டிய பினே, மேஸ், புளோரான்சாக், பொமெரோல், மோந்தாஞாக், காஸ்தெல்நோ தெ கெர் ஆகிய ஆறு ஊர்களின் திராட்சைக்கு மட்டுமே இந்தப் பெயரைப் போடும் உரிமை உண்டு. வேறு திராட்சை கலக்கக் கூடாது. 2013-இல் இதற்கெனத் தனி அப்பெல்லாசியோன், அதாவது விளையும் இடத்தைச் சார்ந்த சட்டபூர்வப் பெயர், கிடைத்தது. (இந்தப் பொமெரோலைப் போர்தோ பகுதியின் புகழ்பெற்ற பொமரோல் சிவப்பு ஒயினோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இளம்பச்சை ஓடிய வெளிர் மஞ்சள் நிறம். எலுமிச்சை, பம்ப்ளிமாஸ், கொஞ்சம் வெள்ளைப் பூ மணம். கடைசியில் நாக்கில் லேசான உப்பு. ஆல்கஹால் 12.5 முதல் 13 சதவீதம். பெரும்பாலும் எஃகுத் தொட்டியில்தான் நொதிக்க வைக்கிறார்கள் என்பதால் மர வாசனை இருக்காது. அடுக்கடுக்கான மணம் தேடுபவர் வேறு பாட்டிலைப் பார்க்கலாம். இது சாப்பாட்டோடு குடிக்க வேண்டிய ஒயின்.

அந்தச் சாப்பாடும் அதே காயலில்தான் இருக்கிறது. பூசிக் கிராமத்துப் பெயரால் விற்கும் ஆய்ஸ்டர் சிப்பிகள் தோ காயலில் வளர்பவை. சிப்பியின் உப்பு ஒயினின் புளிப்பைத் தணிக்கிறது, ஒயினின் புளிப்பு சிப்பியின் கொழகொழப்பை அறுக்கிறது. இங்கேதான் பலர் கெடுப்பார்கள்: சிப்பிமேல் எலுமிச்சையையும் பிழிந்து, வெங்காய வினிகரையும் ஊற்றுவார்கள். உணவின் புளிப்பு ஒயினை மிஞ்சினால் ஒயின் தண்ணீராகத் தெரியும். எலுமிச்சையின் வேலையை ஒயினிடமே விட்டுவிடுங்கள்.

திராட்சைக் கொடிச் சுள்ளியின் நெருப்பில் மஸ்ஸல் சிப்பிகளைச் சுட்டு, எண்ணெயும் மூலிகையும் சேர்க்கும் பிராசுகாத் இதற்கு அருமையான துணை. செத் நகரின் தியெல், அதாவது ஆக்டோபஸும் தக்காளியும் அடைத்துச் சுட்ட வட்டமான மாவுப் பண்டம், இன்னும் பொருத்தம். தக்காளிப் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் வெள்ளை ஒயின்கள் அதிகமில்லை. பூண்டு மயோனைஸ் சேர்த்த கணவாய்க் குழம்பான ரூயிலோடும் ஒத்துப்போகும், ஆனால் மிளகாயை அடக்கி வாசிக்க வேண்டும்: புளிப்பும் ஆல்கஹாலும் காரத்தை இன்னும் சுள்ளென்று ஆக்கிவிடும். வறுத்த சிறு மீனுக்கும் இளம் பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸுக்கும் யோசிக்காமல் திறக்கலாம். மாட்டிறைச்சி இதை அமுக்கிவிடும். இனிப்போடு குடித்தால் வெறும் புளிதான் மிஞ்சும்.

8 முதல் 10 டிகிரி சரியான குளிர்ச்சி. ஃப்ரிட்ஜில் இரண்டரை மணி நேரம், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் சரிபாதி நிரப்பிய வாளியில் 20 நிமிடம். தண்ணீர் இல்லாத வெறும் ஐஸ் பாட்டிலைச் சரியாகத் தொடாது, நேரம்தான் போகும். 4 டிகிரிக்கு இறக்கினால் மணம் அடங்கிப் புளிப்பு மட்டும் முன்னே நிற்கும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், மீதி சூடேறிவிடும். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும்.

வாங்கும்போது உயரமான, ஒல்லியான பச்சைப் பாட்டிலைத் தேடுங்கள். நெப்டியூன் என்று அதற்குப் பெயர். கண்ணாடியிலேயே லாங்க்தோக் சிலுவை புடைத்திருக்கும். எல்லாத் தயாரிப்பாளர்களும் அதில் அடைப்பதில்லை, ஆகவே பாட்டிலை மட்டும் நம்பாமல் லேபிளையும் படிக்கவும். பிரான்சில் 10 யூரோவுக்குள் நல்லதே கிடைக்கும். அறுவடை ஆண்டைப் பாருங்கள்: ஒன்று, இரண்டு வருடத்துக்குள் குடிப்பதற்காகச் செய்தது இது. நாலைந்து வருடப் பாட்டிலைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் அலமாரியிலேயே விட்டுவிடலாம்.