தாதிமை இல்லத்தில் சேர்க்கும் முன் முதுகைப் படம் எடுத்து வையுங்கள்

சிங்கப்பூரில் வயதான பெற்றோரைச் சில வாரங்களுக்கு மட்டும் தாதிமை இல்லத்தில் விட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். இல்லத்தின் பெயரைச் சொல்லவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது.

எங்கள் பணிப்பெண் ஊருக்குப் போனபோது அம்மாவை அங்கே 3 வாரத்துக்குச் சேர்த்தோம். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவால் பேச முடியாது, தானாகப் புரளவும் முடியாது. அதனால்தான் படுக்கைப் புண் வராமலிருக்கத் தனியாகப் பணம் கட்டிக் காற்று மெத்தை கேட்டோம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதாகவும் சொன்னார்கள்.

11ஆம் நாள் வேலையிலிருந்து சீக்கிரம் கிளம்பி நேராக அங்கே போனேன். அம்மா மல்லாந்து கிடந்தார். கால்மாட்டில் தொங்கிய அட்டவணையில் 2 மணிக்கு இடப்பக்கம், 4 மணிக்கு மல்லாந்து, 6 மணிக்கு வலப்பக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டிருந்தது. அப்போது மணி 3:10. உடனே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் மெத்தையின் பம்ப் ஓடவில்லை. அதன் பிளக்கைக் கழற்றிவிட்டு மின்விசிறியைச் செருகியிருந்தார்கள்.

நான் விடாமல் கேட்ட பிறகுதான் அம்மாவைத் திருப்பினார்கள். நனைந்த டயப்பருக்குள், முதுகெலும்பு முடியும் இடத்தில், 1 வெள்ளி நாணயத்தைவிடப் பெரிய கறுப்புப் புண். அந்த வாடை இன்னும் என் மூக்கிலிருந்து போகவில்லை.

அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மேலே செத்த தோல் மூடியிருப்பதால் ஆழத்தை இப்போதே சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த தாதி. சுத்தம் செய்த பிறகு மூன்றாம் நிலை என்றார்கள். அதாவது தோலைத் தாண்டிக் கொழுப்பு வரை போய்விட்டது. அதற்கடுத்த நான்காம் நிலையில் தசையோ எலும்போகூடத் தெரியும்.

இல்லத்தின் பதில் என்ன தெரியுமா? “வரும்போதே இருந்திருக்கலாம்.” சேர்த்த அன்று தோலைப் பார்த்து எழுதிய குறிப்பைக் காட்டுங்கள் என்றேன். அந்தப் பக்கமே காலி. என்னிடமும் படம் இல்லை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சேர்க்கிற அன்றே முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாவற்றையும் தாதியோடு சேர்ந்து பாருங்கள், தேதியோடு படம் எடுங்கள், குறிப்பில் எழுதச் சொல்லி அதன் நகலை வாங்குங்கள்.

அப்புறம் நம் தோலைப் பற்றி ஒன்று. படுக்கைப் புண் முதலில் சிவப்பாகத் தெரியும் என்பார்கள். கறுத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். கையால் தொட்டுப் பாருங்கள்: சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் அன்றே சொல்லுங்கள். என் சித்தி நல்லெண்ணெய் வைத்துத் தேய்க்கச் சொன்னார், ஆனால் அந்த இடத்தில் தேய்க்கவே வேண்டாம். தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் வேண்டாம்.

அங்கே வேலை பார்க்கும் இளம் தாதி ஒருத்தி, நம் ஊர்ப் பெண், “அண்ணே, ராத்திரியில இந்த மாடி முழுக்க நாங்க ரெண்டே பேர்” என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆளைக் குறைத்துவிட்டு அட்டவணையை மட்டும் நிரப்பச் சொல்கிற நிர்வாகத்தின்மேல்தான் கோபம். ஆகவே எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், அவர்களில் எத்தனை பேர் பதிவு பெற்ற தாதியர் என்று சேர்க்கும் முன்பே கேளுங்கள். சீருடை போட்ட எல்லோரும் தாதியர் இல்லை. சிங்கப்பூர் நர்ஸிங் போர்டின் பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். சொல்லாமல் கொள்ளாமல், வெவ்வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள்.

போன வாரம் பில் வந்தது. காற்று மெத்தைக்கு முழு 3 வார வாடகை போட்டிருந்தார்கள். நான் கட்டவில்லை. தாதிமை இல்லங்களுக்கு உரிமம் கொடுப்பது சுகாதார அமைச்சு. அங்கே கொடுத்த புகாரோடு அந்த அட்டவணைப் படத்தையும் இந்த பில்லையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.