கேட்டார்கள், சரி, அப்புறம்? பிரேசில், பிரிட்டன், தாய்லாந்து

மருத்துவக் கொள்கை வகுக்கும்போது நோயாளிகளையும் பொதுமக்களையும் கேட்க வேண்டும் என்பதை இன்று எந்த அரசும் வெளிப்படையாக மறுப்பதில்லை. கேட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மூன்று நாடுகளின் வழிகளை அந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

காகிதத்தில் பிரேசிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1990-இல் வந்த சட்டப்படி நகராட்சி, மாநிலம், தேசம் என மூன்று மட்டத்திலும் சுகாதார கவுன்சில் உண்டு. அதில் பாதி இடம் மருத்துவச் சேவையைப் பயன்படுத்தும் மக்களுக்கு. மீதிப் பாதியை ஊழியர்களும் அரசும் மருத்துவமனைகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கவுன்சில் இல்லாத நகராட்சிக்கு மத்திய அரசின் பணம் கிடையாது. பிறகென்ன, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகளில் கவுன்சில்கள் முளைத்துவிட்டன. மேயருக்கு வேண்டியவர்களே பல ஊர்களில் மக்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அங்கே பழைய புகார். நம் கிராம சபைக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

பிரிட்டன் நேர் எதிர்த் திசையில் போனது. எந்தச் சிகிச்சைக்கு அரசுப் பணம் தரலாம் என்று சொல்லும் 'நைஸ்' நிறுவனம், 2002-இல் 30 சாதாரணக் குடிமக்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. மருத்துவத் துறை ஊழியர், மருந்துக் கம்பெனிக்காரர், நோயாளி அமைப்பினர் யாருக்கும் இடமில்லை. இந்த மருந்தா அந்த மருந்தா என்று அவர்களைக் கேட்கவில்லை. எது நியாயம் என்று கேட்டார்கள். 2006-இல் வந்த கேள்வி கடினமானது: கண்ணெதிரே சாகக் கிடப்பவரைக் காப்பாற்ற, வழக்கமான செலவு வரம்பைத் தாண்டலாமா? தாண்டுவதற்கு இடம் இருக்க வேண்டும் என்றார்கள் பெரும்பாலோர். நைஸ் ஏற்கவில்லை. ஒருவருக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் பணம், முகம் தெரியாத வேறு யாரோ ஒருவரின் சிகிச்சையிலிருந்துதான் வருகிறது என்று 2008-இல் காரணத்தை எழுதியே வெளியிட்டது. அந்தக் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. இருந்தாலும், பெரும்பான்மை சொன்னதை ஒதுக்கிவைக்க முடியும் என்றால் அந்தக் குழுவின் பலம் அவ்வளவுதான்.

ஆனால் முகத்துக்கு நேரே 'முடியாது' என்பதைவிட மோசமானது ஒன்று உண்டு. தாய்லாந்தில் 2008 முதல் தேசிய சுகாதாரப் பேரவை கூடுகிறது. அதிகாரிகள், அறிஞர்கள், மக்கள் அமைப்புகள் மூவரும் உட்கார்ந்து ஒருமித்துத் தீர்மானம் போடுவார்கள். 2010-இல், புற்றுநோய் வரவைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நாடு வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அதோடு சரி, தடை வராமல் ஆண்டுகள் ஓடின. 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பதற்குத் தாய்லாந்து மொழியிலும் ஒரு சொல் இருக்கத்தான் வேண்டும்!

இதே நாட்டில் இன்னொரு வாசலும் இருக்கிறது. என் ஓட்டு அதற்குத்தான். எல்லோருக்கும் மருத்துவப் பாதுகாப்பு கேட்டு, ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு ஒரு சட்ட வரைவைக் கொடுத்தார்கள். 2002-இல் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபோது, ஒரு தடவைக்கு 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டணம் என்று தொடங்கிய '30 பாட்' மருத்துவத் திட்டத்தை நடத்தும் வாரியத்தில் மக்கள் அமைப்புகளுக்கு 5 இடம் கிடைத்தது. சுமார் 30 பேரில் 5 என்பது குறைவுதான். ஆனால் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் மேசை அது.

டயாலிசிஸ் விஷயம் அங்கே வந்தது. செலவுக்கேற்ற பலன் இல்லை என்றது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. பிரிட்டனில் எழுந்த அதே கேள்விதான். இங்கே பதில் வேறு. சிறுநீரக நோயாளிகள் விடாமல் கேட்டார்கள். டயாலிசிஸுக்காகக் குடும்பங்கள் கடனில் மூழ்குவதும் ஊரறிந்த விஷயம். 2008-இல் டயாலிசிஸும் '30 பாட்' திட்டத்துக்குள் வந்தது. கணக்கையும் அடியோடு தள்ளிவிடவில்லை: வீட்டிலேயே செய்துகொள்ளும் வயிற்று வழி டயாலிசிஸ்தான் முதலில் என்று விதி போட்டார்கள். அதற்கான திரவப் பைகளைத் தபால்துறை நோயாளியின் வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்தது.