மட்டியா, தேவாங்கா? மகளின் செயற்திட்டத்துக்கு எடுத்தது

ஓர் உயிரினத்தை மூன்று மாதம் கவனித்து எழுதும்படி தரம் 8 படிக்கும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அவளுக்கு ஆசை தேவாங்கில், எனக்கு முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் மண்ணுக்குள் வாழும் மட்டியில், அதாவது இரட்டை ஓட்டுச் சிப்பியில். இரண்டையும் பார்த்துவிட்டு மட்டியைத்தான் எடுத்தோம்.

அழகென்றால் தேவாங்குதான். முள்ளியவளையில் எங்கள் வளவுக்குப் பின்னால் பற்றைக்காடு. ரோச் வெளிச்சம் பட்டதும் செம்மஞ்சளாக இரண்டு கண்கள். கால் கிலோ அளவு உடம்பு, வாலும் இல்லை. ஆனால் மூன்று இரவு போய் ஒரே ஒரு தரம்தான் கண்டோம், அதனால் அதன் பழக்கம் பற்றி நான் பெரிதாகச் சொல்வது சரியில்லை. இரவு நேரம், யானைப் பயம், பிடித்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. போன மாதம் பார்த்த அதே உயிரைத்தான் இந்த மாதமும் பார்க்கிறோம் என்று பிள்ளை உறுதியாகச் சொல்ல வேண்டுமே! தேவாங்கில் எங்களுக்கு அது நடக்காது.

களப்பின் வட்டுவாகல் பக்கம் முழங்காலளவு தண்ணீரில் காலால் தடவி 12 மட்டி எடுத்தோம். ஓட்டைத் துடைத்து நகப்பூச்சால் இலக்கம் போட்டோம். அடிமட்டத்தால் அளந்து, தடி நட்ட இடத்தில் திரும்ப விட்டோம். கொஞ்ச நேரம் அசைவில்லை. அப்புறம் ஓடு மெல்லத் திறந்தது. நாக்குப் போன்ற வெள்ளைக் கால் வெளியே வந்து மண்ணைத் துழாவி, உடம்பை இழுத்து இழுத்து உள்ளே போய்விட்டது. மேலே சின்னத் துவாரங்கள் மட்டும். ஒரு குழாயால் தண்ணீரை உள்ளே இழுத்து, அதிலுள்ள நுண்பாசியை வடித்துத் தின்று, மற்றக் குழாயால் வெளியே விடும்.

இரண்டு மாதம் கழித்துத் தோண்டியபோது 7 கிடைத்தன. 4ஆம் இலக்கம் 2 மில்லிமீற்றர் வளர்ந்திருந்தது. விளிம்பில் வெளிறிய புதுக் கோட்டை மகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

2006இல் ஐஸ்லாந்துக் கடலில் எடுத்த ஒரு மட்டிக்கு, ஓட்டின் வளையங்களை எண்ணி 507 வயது என்று கண்டார்கள். எங்கள் களப்பில் அப்படி எண்ணக் கூடாது. மாரி வெள்ளத்தில் உப்புக் குறைந்து வளர்ச்சி தடைப்பட்டாலும் ஓட்டில் கோடு விழும். ஆகவே மகளின் கொப்பியில் வயது இல்லை, அளவு மட்டும்தான். மாரி தொடங்கினால் தடியும் அள்ளுப்பட்டுப் போகும், ஐப்பசிக்கு முன்னரே கடைசி அளவை எடுத்துவிடுங்கள்.