சிப் போட்டால் கேரவன் இழுக்க 12 லிட்டர்தானாம்! 4,850 டாலர் போச்சு

ஆஸ்திரேலியாவில் கேரவன் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு) வாங்கி, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கிடக்கும் நுல்லார்போர் வெட்டவெளிப் பக்கம் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம்மவர்கள் முதலில் இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். டீசல் மிச்சமாகும் என்று சொல்லி என் வண்டிக்கு சிப்பும் பெரிய டேங்கும் மாட்டிய கடைக்காரரிடமிருந்து கடைசிப் பதில் இன்று காலைதான் வந்தது. “போட்ட சாமானைத் திரும்ப எடுக்க முடியாது அண்ணே.” அவ்வளவுதான். 4,850 டாலர். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பாருங்கள்.

கடை பெயர் வேண்டாம். 4WD (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிகளுக்கு உதிரி சாமான் மாட்டிக் கொடுக்கும் கடை. கவுண்டரில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர். விழுந்த இடம் அதுதான். “நம்ம ஆளுக்குப் போய் நான் பொய் சொல்வேனா அண்ணே?” என்றார். வண்டி 80 லிட்டர் டேங்க் உள்ள டீசல் இரட்டை கேபின் ute (பிக்கப் வண்டி). கேரவன் பொது எடைமேடையில் ஏற்றியபோது 2,620 கிலோ. இரண்டையும் முதல் நாளே சொல்லியாகிவிட்டது, அவரும் பில்லில் எழுதிக்கொண்டார். அவர் சொன்ன கணக்கு: எஞ்சினுக்கு சிப் 1,450, 145 லிட்டர் நெடுந்தூர டேங்க் 2,150, பொருத்தும் கூலியும் ‘டியூனிங்’கும் 1,250. மொத்தம் 4,850 டாலர். கேரவனோடு 100 கி.மீ.க்கு 12 லிட்டர்தான் குடிக்கும், ஒரு டேங்கில் 1,200 கி.மீ. போகலாம், நுல்லார்போரை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்றார்.

நம்ப வைத்தது பேச்சு மட்டும் இல்லை. ஒரு டெமோ வண்டியில் கேரவனை மாட்டி, நெடுஞ்சாலையில் 18 கி.மீ. ஓட்டிக் காட்டினார். திரையில் 11.9 என்று வந்தது. கண்ணால் பார்த்த பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? வேகம் எடுத்து முடித்த பிறகுதான் டிரிப் மீட்டரை ஸீரோ செய்தார், சாலை லேசான இறக்கம், காற்று முதுகுப் பக்கம் என்பதெல்லாம் இப்போது யோசித்தால்தான் தெரிகிறது. கிளம்பும்போது குடிக்கும் டீசல் அந்தக் கணக்கில் சேரவே இல்லை. திரும்பி வரும் வழியில் திரையை வேறு பக்கத்துக்கு மாற்றிவிட்டார்.

இதைவிடப் பெரிய திருட்டு சிப்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த மாதிரி சிப், எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமைத் தொடுவதில்லை. ரயில் பிரஷர் சென்சாருக்கும் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் குழாயின் அழுத்தத்தை அளப்பது) கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உண்மையில் இருப்பதைவிட அழுத்தம் குறைவு என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் அதேதான், ஆனால் அழுத்தம் கூடியதால் அதிக டீசல் உள்ளே போகும். இழுவை கூடுவது உண்மை. ஆனால் திரையில் வரும் லிட்டர் கணக்கு, கம்ப்யூட்டர் ‘தெரிந்துகொண்ட’ அழுத்தத்தை வைத்துப் போடுவது. உள்ளே போன டீசலை அது அளப்பதே இல்லை. அதனால் சிப் போட்ட அன்றே திரையில் லிட்டர் குறையும், டீசல் பங்கில் நிரப்பும்போது குறையாது. அழுத்தம் 25 சதவீதம் கூடினால், ஆக்ஸிலரேட்டரில் அதே மிதிக்கு டீசல் சுமார் 12 சதவீதம் கூடும், அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து என்பதால்.

இதோ அளந்த கணக்கு. சிப் போடும் முன், கேரவனோடு 100 கி.மீ. வேகத்தில்: திரை 16.4, பங்கில் நிரப்பிப் பார்த்தால் 17.2. புது வண்டியின் திரையே கொஞ்சம் பெருமை பேசும், அது பரவாயில்லை. சிப் போட்ட பின், அதே சாலை, அதே வேகம்: திரை 14.8, பங்கில் 17.4. குறைந்தது எதுவும் இல்லை, 0.2 ஏறியிருக்கிறது. இதற்கா 4,850 டாலர்?

12 லிட்டர் ஏன் நடக்கவே நடக்காது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் ஒரு மணிக்கு 17.4 லிட்டர் என்றால் 174 கிலோவாட் மணி. அதில் நல்ல டீசல் எஞ்சின் 35 சதவீதம் போல வேலையாக மாற்றும், மீதி சூடாகப் போகும். ஆக வண்டியையும் கேரவனையும் தள்ள சுமார் 60 கிலோவாட் தேவைப்படுகிறது. இந்த 60-ஐக் கேட்பது எஞ்சின் இல்லை, காற்றும் டயர் உராய்வும். சிப் போட்டால் கேரவனின் நெற்றி சுருங்கிவிடுமா? அதே 60 கிலோவாட்டை 12 லிட்டரில் கொடுக்க எஞ்சின் 50 சதவீதத் திறனில் ஓட வேண்டும். எந்தக் கார் டீசல் எஞ்சினும் நெடுஞ்சாலையில் அப்படி ஓடுவதில்லை. கவுண்டரில் நிற்கும்போது இந்த ஒரு பெருக்கல் ஞாபகம் வந்திருந்தால் 4,850 டாலர் பையிலேயே இருந்திருக்கும்.

சமதள நெடுஞ்சாலையில் எடையைவிடக் காற்றுதான் அதிகம் தின்னும். எடை மேட்டில் ஏறும்போதும், நின்று கிளம்பும்போதும் கேட்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-லிருந்து 90-க்கு இறங்கினால் அது 19 சதவீதம் குறைகிறது. இதே வண்டி, இதே கேரவன், 90-ல் பங்கில் அளந்தது 15.2. காசு செலவில்லாமல் 2.2 லிட்டர் மிச்சம்! எதிர்க்காற்று 20 கி.மீ. அடித்தால் 100-ல் போகும் வண்டிக்கு அது 120 மாதிரி, அப்போது 22 லிட்டரையும் தாண்டும். தூரத்தை அந்த நாளுக்குத்தான் கணக்குப் போட வேண்டும், டெமோ ஓட்டிய நாளுக்கு இல்லை.

இனி அந்த 145 லிட்டர் டேங்க். பங்கில் நிரப்பும்போது பாதியிலேயே நாசில் டக் டக்கென்று நின்றது, நுரை மேலே வந்தது. வேறொரு மெக்கானிக் டேங்கை இறக்கிப் பார்த்தார். நிரப்பும்போது காற்று வெளியேற வேண்டிய பிரீதர் குழாய் சேஸிஸுக்கும் டேங்குக்கும் நடுவில் மடங்கியிருந்தது. அதனால் மேல் மூலையில் காற்று அடைத்து 7 லிட்டர் ஏறவில்லை. உறிஞ்சும் குழாய் அடியிலிருந்து உயரமாக நின்றதால் கடைசி 8 லிட்டர் எட்டவில்லை. ஆக 145 என்பது 130. அதை 17.4-ஆல் வகுத்தால் 747 கி.மீ. எதிர்க்காற்றுக்கும் மூடியிருக்கும் டீசல் பங்குக்கும் ஐந்தில் ஒரு பாகம் ஒதுக்கினால் 600. சொன்னது 1,200!

டீசல் அளவைக் காட்டும் பழைய டேங்கின் மிதவையையே புது டேங்கில் மாட்டியிருக்கிறார்கள். முள் ரொம்ப நேரம் ‘ஃபுல்’லில் நிற்கும், பிறகு சடசடவென்று இறங்கும், 40 லிட்டர் மிச்சம் இருக்கும்போதே காலி என்று காட்டும். ‘இன்னும் எத்தனை கி.மீ.’ என்று திரை சொல்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது பழைய 80 லிட்டரையும், சிப் கெடுத்த சராசரியையும் வைத்துப் போடும் கணக்கு. இரண்டும் பொய்.

அந்த டேங்க் தேவையும் இல்லை, வயிறு எரிவது அதனால்தான். நுல்லார்போருக்கு மேற்கே உள்ள நார்ஸ்மனிலிருந்து கிழக்கே உள்ள செடூனா வரை ஏறக்குறைய 1,200 கி.மீ. உண்மை. ஆனால் ஐர் நெடுஞ்சாலையில் பலடோனியா, கைகூனா, காக்கிள்பிடி, மதுரா, முண்ட்ரபில்லா, யூக்ளா, நுல்லார்போர் ரோட்ஹவுஸ் என்று வழியெல்லாம் டீசல் கிடைக்கிறது. இரண்டு பங்குக்கு நடுவே மிக நீண்ட தூரமே 200 கி.மீ.க்குள்தான். பழைய 80 லிட்டர் டேங்கில் 72 லிட்டர் எரிந்தால்கூட 410 கி.மீ. வருகிறது. ‘ஒரே மூச்சில் தாண்டலாம்’ என்று யார் கேட்டார்கள்? பயத்தை முதலில் விற்றார்கள், அப்புறம் டேங்கை விற்றார்கள்.

எடையையும் சொல்லவில்லை. கூடுதல் 65 லிட்டர் டீசல் 55 கிலோ, இரும்பு டேங்கின் எடை தனி. கேரவனை மாட்டும் பந்தில் (tow ball) அது அழுத்தும் 260 கிலோவும் வண்டியின் GVM (வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை) கணக்கில்தான் சேரும். இதற்கு மேல் ஆட்கள், கூரை ரேக், குளிர்பெட்டி. தாண்டினால் காப்பீட்டுக்காரன் கைவிரிக்க அதுவே போதும்.

புகார் சொன்னபோது நடந்த கூத்து தனி. முதல் வாரம்: “1,500 கி.மீ. ஓடட்டும் அண்ணே, கம்ப்யூட்டர் கத்துக்கும்.” ஓடியது, 17.4. அடுத்து: “அன்னிக்குக் காத்து.” இரண்டு திசையிலும் ஓட்டி சராசரி எடுத்து அனுப்பினேன். அடுத்து: “உங்க கேரவன் கனம்.” எடை அவர் கையெழுத்திலேயே பில்லில் இருக்கிறது! பிறகு டியூனிங் செய்த பையன் லீவு. பிறகு போன் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நடுவில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, ஸ்நார்கெலும் (எஞ்சினுக்கு மேலிருந்து காற்று இழுக்கும் குழாய்) புது எக்ஸாஸ்ட்டும் போட்டால்தான் ‘முழு ரிசல்ட்’ வரும், இன்னும் 1,900 டாலர் என்றார். 4,850 போதாதாம்!

சிப்பால் கரும்புகை கூடியதில் புகைக்கரியைப் பிடிக்கும் DPF வடிகட்டி முன்பைவிட அடிக்கடி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்கிறது, அதற்கும் டீசல் போகிறது. சிப்பைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாயிற்று.

மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். எந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்கு உதவவில்லை என்றால், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் வாங்கியவர் பக்கம் பேசும். கோளாறு பெரியது என்றால் பணமா மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர், கடைக்காரர் இல்லை. ‘12-ல ஓடும் அண்ணே’ என்று அவர் அனுப்பிய மெசேஜ் பத்திரமாக இருக்கிறது.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், எழுதும் பொறுமை இப்போது இல்லை. அவசரமாக: திரையை நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், சமதரை, நாசில் முதலில் நின்றதும் நிறுத்துங்கள். குறைந்தது 200 கி.மீ. போய் அதே இடத்துக்குத் திரும்பி வந்து அதே மாதிரி நிரப்பி வகுத்துப் பாருங்கள். பெரிய டயர் மாற்றியிருந்தால் தூரத்தை GPS-ல் எடுங்கள். டயர் அளவு 265/65R17-லிருந்து 285/70R17-க்குப் போனால் ஓடோமீட்டர் 7 சதவீதம் குறைத்துக் காட்டும். எத்தனை லிட்டர் என்ற வாக்கை பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். சிப் போட்டால் காப்பீட்டுக்காரருக்குச் சொல்லாமல் விடாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள், நான் 4,850-ஐயும் அன்றே கட்டினேன்.