பியூட்டிஃபுல் கிரியேச்சர்ஸ் ஆடியோபுக்: மூணு தடவை கேட்டதுக்கு அப்புறம்

இந்த ஆடியோபுக்கை மூணு வருஷத்துல மூணு தடவை முழுசா கேட்டுட்டேன், திரும்பத் திரும்பக் கேக்குறப்ப எது மனசுல நிக்குது எது நிக்கலன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன். கேமி கார்சியாவும் மார்கரெட் ஸ்டோலும் சேந்து எழுதி 2009ல வந்த கதை, வாசிச்சவர் கெவின் டி. காலின்ஸ். தெற்கு கரோலினால கேட்லின்னு ஒரு கற்பனை ஊரு. அங்க ஈத்தன்னு ஒரு ஸ்கூல் பையன், அவங்க அம்மா இறந்துட்டாங்க, அப்பா ரூமை விட்டு வெளியவே வர்றதில்ல, அப்ப ஊரே ஒதுக்கி வெச்சிருக்கிற மேக்கன் ரேவன்வுட் வீட்டுக்கு லீனான்னு ஒரு பொண்ணு வந்து சேர்றா. மந்திரம் தெரிஞ்ச குடும்பம். பதினாறாவது பிறந்தநாள் அன்னிக்கு அவ ஒளிப் பக்கமா இருட்டுப் பக்கமான்னு முடிவாயிடும், அதுவரைக்கும் மிச்சம் இருக்கிற நாளை கையில பேனாவால எழுதிட்டே இருப்பா.

முதல் தடவை லவ்வுக்காகத்தான் கேட்டேன். இந்த மாதிரி கதைங்க பெரும்பாலும் பொண்ணு சொல்றதா இருக்கும், இது பையன் சொல்றது, அதனால ஒரு ஆம்பளைக் குரல்ல அந்தத் தவிப்பைக் கேக்குறது எனக்குப் புதுசா இருந்துச்சு. ரெண்டு பேரும் வாய் திறக்காம மனசுக்குள்ளயே பேசிக்குவாங்க, புத்தகத்துல அதை சாஞ்ச எழுத்துல போட்டிருப்பாங்க, காதுல கேக்கும்போது அந்த இடமெல்லாம் நம்ம மண்டைக்குள்ளயே யாரோ பேசுற மாதிரி ஆயிடுது, அதுவும் ஹெட்போன் போட்டு லைட்டை அணைச்சுட்டு கேட்டா சொல்லவே வேணாம். ஒண்ணு மட்டும் கேளுங்க, ஸ்பீடை ஏத்தாதீங்க. நான் 1.25ல வெச்சுப் பாத்தேன், அந்தத் தெற்கத்தி இழுவை மொத்தமா போயிடுச்சு, அந்த ஊரோட புழுக்கமே அந்த இழுவைலதான் இருக்கு.

ரெண்டாவது தடவை என்னைப் பிடிச்சு வெச்சது வீட்டு வேலை பாத்துட்டே ஈத்தனை வளக்குற அந்தக் கறுப்பினப் பெண்மணி. அவங்க பேரு அம்மா. அமெரிக்க வாயில கொஞ்சம் வேற மாதிரிதான் விழுது, ஆனா பெத்த தாய் இல்லாத பையன் ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரைச் சொல்றப்ப நம்ம காதுக்கு அது பேரா மட்டும் கேக்க மாட்டேங்குது, இது இங்கிலீஷ்காரங்களுக்குக் கிடைக்காத ஒண்ணுன்னு நெனைக்கிறேன். குறுக்கெழுத்துப் போடுறவங்க அவங்க, கோவம் வந்தா ஒரு வார்த்தையை எழுத்து எழுத்தா பிரிச்சுத்தான் சொல்லுவாங்க, முதல்ல ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டேன், இப்பல்லாம் பாத்திரம் கழுவிட்டே கூட சேந்து சொல்றேன். தாயத்து வெக்கிறது, முன்னோர்களுக்குச் சாப்பாடும் விஸ்கியும் வெச்சுப் படையல் போடுறதுன்னு அவங்க செய்யறதைக் கேட்டுட்டுத்தான் அந்தக் கடலோரத்து கல்லா (Gullah) மக்களை, அதாவது ஆப்பிரிக்காவுல இருந்து அடிமையா கொண்டு வரப்பட்டவங்களோட வம்சாவளியைப் பத்தியே தேடிப் படிச்சேன், ஆவி அண்டாம இருக்க வாசல் தாழ்வாரத்துக் கூரைக்கு வெளிர் நீலம் அடிக்கிற பழக்கம் எல்லாம் அவங்ககிட்ட இருந்து வந்ததாம்.

ஆனா அங்கதான் எனக்கு இடிச்சுது. ஒரு பழைய லாக்கெட்டைத் தொட்டா ஈத்தனுக்கும் லீனாவுக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலம் கண்ணு முன்னாடி தெரியும், தோட்ட மாளிகை எரியுறது, போரை விட்டு ஓடி வர்ற காதலன்னு உருக உருகச் சொல்றாங்க, ஆனா அந்த மாளிகைல அடிமையா இருந்த ஐவி பக்கம் கதை நிக்கவே மாட்டேங்குது. 1860 டிசம்பர்ல அமெரிக்காவை விட்டு முதல்ல பிரிஞ்ச மாநிலமே தெற்கு கரோலினாதான், அதுவும் அடிமை முறையைக் காப்பாத்த. அந்த மண்ணுல கதை சொல்லிட்டு அதை ஓரமா ஒதுக்கினா எப்படி? 2013ல வந்த படத்துல அம்மாவையும், கதைல ஊர் லைப்ரரியைப் பாத்துக்குற மரியனையும் ஒரே ஆளாக்கி வயோலா டேவிஸை நடிக்க வெச்சாங்க, சமையக்கட்டோட முடங்காம பண்ணது நல்லதுதான், ஆனா அந்த சமையக்கட்டு இல்லாம எனக்கு அந்த வீடே வீடா தெரியல.

நடுவுல ஸ்கூல் பகுதி ரொம்ப நீளம், லீனாவை விரட்டப் பாக்குற அந்த ஊர்ப் பொம்பளைங்க வர்ற இடமெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, அங்க விட்டுட்டுப் போறவங்க நெறைய பேர் இருப்பாங்க, கொஞ்சம் தாக்குப் பிடிங்க.

ஒவ்வொரு சாப்டர் தலைப்புலயும் ஒரு தேதி இருக்கும், செப்டம்பர் 2ல ஆரம்பிக்கும். மூணாவது தடவை நான் காலண்டர் பாத்துத்தான் கேட்டேன், அந்தந்த தேதி வந்தாதான் அந்த சாப்டர். அஞ்சு மாசத்துக்கு மேல ஆச்சு, சில வாரம் ஒண்ணுமே இருக்காது, அப்பல்லாம் லீனா கையில இன்னிக்கு என்ன நம்பர் இருக்கும்னு தானா மனசு கணக்குப் போடும். பிப்ரவரி 11, அவ பிறந்தநாள், அன்னிக்கு ராத்திரி மட்டும் எந்த வேலையும் வெச்சுக்காம தரையில உக்காந்து கேட்டேன்.