கிளீனர் பக்கக் கதவு பூட்டியிருக்கிறதா? லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை

லாரி ஓட்டும் நண்பர்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். “பின் சக்கரத்தில் ஆயில் ஒழுகுது” என்று சொல்லி டிரைவரைக் கீழே இறக்கிவிட்டு, அதே நேரத்தில் கிளீனர் பக்கக் கதவு வழியாகக் கேபினைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு நடந்திருக்கிறது. பை, போன், லைசென்ஸ், லோடு பேப்பர், வழிச்செலவுப் பணம் எல்லாம் போய்விட்டது. நடந்தது இருட்டில் இல்லை, ஆள் இல்லாத ரோட்டிலும் இல்லை. பட்டப்பகலில், காசு கட்டி நிறுத்தும் லாரி பார்க்கிங்கில், வாசலில் காவலாளி உட்கார்ந்திருக்கும்போதே நடந்தது.

நான் எப்போதும் ஓட்டும் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றதால் ஆபீஸில் ஒரு மாற்று வண்டி கொடுத்திருந்தார்கள். ஓய்வு நேரம் முடிந்து கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தேன். இரண்டு கதவும் பூட்டித்தான் இருந்தன. ஒருவர் வந்து என் பக்கக் கண்ணாடியைத் தட்டினார். சட்டையில் கிரீஸ் கறை, தோளில் அழுக்குத் துணி. பார்த்தால் நம்மைப்போல் ஒரு டிரைவர் என்றோ மெக்கானிக் என்றோதான் யாருக்கும் தோன்றும்.

“அண்ணே, பின்னாடி வீல்ல ஆயில் கொட்டுதுண்ணே. ஹப் சீல் போயிருக்கும்போல. பார்க்காம எடுத்துடாதீங்க” என்றார்.

இதைக் கேட்டுவிட்டு எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டார். ஹப் சீல் என்பது சக்கரத்தின் நடுவில் ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் வளையம். அது போனால் ஆயில் பிரேக் லைனிங்கில் இறங்கும். அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்காது. பேரிங் வறண்டு சூடேறினால் தீப்பிடிப்பதும் உண்டு, சக்கரமே கழன்று போவதும் உண்டு. இறங்கிப் பார்ப்பதுதான் சரி. நல்ல டிரைவர் கட்டாயம் இறங்குவார் என்று தெரிந்துதான் இந்தப் பொய்யைப் பிடித்திருக்கிறார்கள். என் கோபமே அங்கேதான். நம் பொறுப்பையே அவர்கள் தூண்டிலாக்குகிறார்கள்.

சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். பின்னால் போனால் உண்மையாகவே ரிம்மில் கருப்பாக ஆயில். அந்த ஆள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, “இங்க பாருங்க, இங்க தொட்டுப் பாருங்க” என்று என்னையும் குனிய வைத்தார். வாய் ஓயாமல் பேசினார். எந்த ஊருக்கு லோடு, எத்தனை டன், போன தடவை எப்போது கிரீஸ் வைத்தது என்று கேள்வி மேல் கேள்வி. அப்புறம், “எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பக்கத்துலதான் இருக்காரு, கூட்டிக்கிட்டு வர்றேன்” என்று எழுந்து போனார். வரவே இல்லை. நான் கேபினுக்கு ஏறியபோது கிளீனர் பக்கக் கதவு முழுசாகச் சாத்தாமல் இருந்தது. சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்த பையைக் காணோம்.

அதன் பிறகு அந்தச் சக்கரத்தை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். பார்த்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்கு உதவும். ஹப் சீல் இருப்பது சக்கரத்தின் உள்பக்கம். அது கசிந்தால் முதலில் பிரேக் டிரம்மும் உள் டயரின் சுவரும்தான் நனையும். என் வண்டியில் அந்தப் பக்கம் காய்ந்த புழுதி அப்படியே இருந்தது. வெளிப்பக்கம் ஆக்ஸில் ஃபிளேஞ்சில், அதாவது சக்கரத்தின் நடுவில் போல்ட் போட்டு மாட்டியிருக்கும் தட்டில், கசிவு என்றாலும், ஓடும் சக்கரம் ஆயிலை நடுவிலிருந்து விளிம்பு வரை நாலா பக்கமும் விசிறும். அதில் புழுதி ஒட்டிப் பசைபோல் ஆகியிருக்கும். இங்கே இருந்த ஆயிலோ மேலிருந்து கீழே மட்டும் வழிந்திருந்தது. நிற்கிற சக்கரத்தில் யாரோ ஊற்றினால்தான் அப்படி வழியும். மணிக்கணக்கில் நின்ற வண்டிக்கு அடியில் தேங்கல் எதுவும் இல்லை, நாலைந்து புதுச் சொட்டுகள்தான். கியர் ஆயிலுக்கு ஒரு காட்டமான வாடை உண்டு, அதுவும் இல்லை. எஞ்சினிலிருந்து எடுத்த வேஸ்ட் ஆயிலைப் பாட்டிலில் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள்.

பூட்டிய கதவு எப்படித் திறந்தது? இதற்குப் பதில் ஒர்க்‌ஷாப்பில்தான் கிடைத்தது. சென்ட்ரல் லாக் உள்ள சில வண்டிகளில் டிரைவர் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்ததும் இரண்டு பக்கப் பூட்டும் சேர்ந்தே திறந்துகொள்ளும். சிலவற்றில் டிரைவர் கதவு மட்டும் திறக்கும். ரிமோட்டிலும் அப்படித்தான், ஒரு தடவை அழுத்தினால் ஒரு கதவு, இரண்டு தடவை அழுத்தினால் எல்லாக் கதவும் என்று வைத்திருப்பார்கள். பல வண்டிகளில் இதை மாற்றி அமைக்க முடியும். என் பழைய வண்டியில் டிரைவர் கதவு மட்டும்தான் திறக்கும். மாற்று வண்டியைக் கையில் கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயர், லைட், டீசல் என்று எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்குகிற ஆபீஸ், பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய தவறு. புது வண்டியில் ஏறினால் முதல் வேலையாக இதைச் செய்து பாருங்கள்: இரண்டு கதவையும் பூட்டி, உங்கள் பக்கம் மட்டும் திறந்து இறங்கி, சுற்றிப் போய் மறுபக்கக் கைப்பிடியை இழுங்கள். திறந்தால் ஒர்க்‌ஷாப்பில் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அதுவரை இறங்குகிற ஒவ்வொரு முறையும் சாவி போட்டு முழுசாகப் பூட்டித்தான் ஆக வேண்டும். ரிமோட்டில் பூட்டினாலும் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ரிமோட்டின் சிக்னலை மறிக்கிற கருவி வைத்திருக்கிற திருடர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவீர்கள், கதவு திறந்தே கிடக்கும்.

திருட்டோடு முடியவில்லை. அன்று வழக்கம்போல என் மனைவி என் நம்பருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர்கள் எடுத்துப் பேசியிருக்கிறார்கள். “உங்க வீட்டுக்காரர் வண்டி மோதிக் கிடக்கிறாரும்மா, ஆஸ்பத்திரியில உடனே பணம் கட்டணும், இந்த நம்பருக்கு அனுப்புங்க” என்று அழாத குறையாகச் சொல்லியிருக்கிறான் ஒருவன். பையில் இருந்த லைசென்ஸைப் பார்த்து என் முழுப் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒப்பித்திருக்கிறான். யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அவள் பதறினாலும் பணம் அனுப்பாமல் முதலில் என்கூட ஓடுகிற இன்னொரு டிரைவருக்குப் போன் போட்டாள். அதனால்தான் தப்பித்தோம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவள் பட்ட பாடு இருக்கிறதே, போன பணத்தைவிட அதுதான் எனக்குப் பெரிய வலி.

வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் வேறு யாராவது பேசி விபத்து என்று சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு, அந்த ஆஸ்பத்திரியின் நம்பரைத் தானே தேடிப் பேச வேண்டும். கூட ஓடுகிற இரண்டு டிரைவர்களின் நம்பரும் ஆபீஸ் நம்பரும் வீட்டில் தாளில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். சிம்முக்கு PIN என்கிற ரகசிய நம்பர் போட்டு வையுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் அந்த நம்பர் இல்லாமல் வேலை செய்யாது, உங்கள் நம்பருக்கு வரும் பேங்க் ஓடிபியும் அவர்களுக்குக் கிடைக்காது. *#06# அழுத்தினால் உங்கள் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அதையும் வீட்டில் எழுதி வையுங்கள். போனை முடக்கச் சொல்லிப் புகார் கொடுக்க அது வேண்டும்.

லோடு பேப்பர் போனதை ஆபீஸில் முதலில் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான்தான் சரக்கு இறக்குகிற இடத்துக்கு உடனே தகவல் சொல்லச் சொல்லி வற்புறுத்தினேன். அந்தப் பேப்பரில் சரக்கு என்ன, யாருக்குப் போகிறது, கன்டெய்னர் கதவில் போட்ட சீல் நம்பர் என்ன என்று எல்லாமே இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு “இறக்குகிற இடம் மாறிவிட்டது” என்று டிரைவருக்கே போன் வரும். இந்த மாதிரி மோசடி பல நாடுகளில் நடக்கிறது. அப்படி ஒரு போன் வந்தால், வந்த நம்பருக்குத் திருப்பி அடிக்காமல் உங்களிடம் முன்பே இருக்கிற ஆபீஸ் நம்பரில் பேசி உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று, வண்டியை விட்டு யாராவது உங்களைத் திசைதிருப்பினார்கள் என்று தெரிந்தால் கிளம்புமுன் முழுச் சுற்று வாருங்கள். கன்டெய்னர் சீலில் இருக்கிற எண்ணும் பேப்பரில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று பாருங்கள், சீலைக் கையால் இழுத்தும் பாருங்கள். டிரெய்லர் என்றால், அதை முன் வண்டியோடு கோத்துப் பிடிக்கும் ஃபிஃப்த் வீலின் லீவர் இழுத்துவிடப்பட்டிருக்கிறதா, ஏர் லைன் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்காமல் நகர்த்தவே கூடாது. லீவர் இழுத்திருப்பது தெரியாமல் கிளம்பினால் டிரெய்லர் கழன்று விழும், உயிரே போகலாம்.

அப்படியென்றால் யார் வந்து எது சொன்னாலும் கண்டுகொள்ளாமல் போய்விடுவதா? அது எனக்குச் சரியாகப் படவில்லை. டயரில் புகை வருவதை எத்தனையோ நல்லவர்கள் நமக்குக் கை காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிப் பேசுங்கள், நன்றி சொல்லுங்கள். வந்தவர் நகர்ந்த பிறகு, எல்லாக் கதவும் பூட்டியபடி நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள். ஓடும்போது கை காட்டினால் கண்ணாடியில் பின் சக்கரத்தைப் பாருங்கள், ஏர் பிரஷர் முள்ளைப் பாருங்கள், வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். புகையோ இழுப்போ இருந்தால் உடனே ஓரங்கட்டத்தான் வேண்டும், தீ யாருக்கும் காத்திருக்காது. எதுவும் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கிற இடம் வரை போய் நிறுத்துங்கள். அடிபட்டுக் கிடக்கிறோம், வண்டி நின்றுவிட்டது என்று உதவி கேட்டு வருகிறவரையும் விரட்ட வேண்டாம். கேபினுக்குள் இருந்தபடியே அவருக்காக அவசர எண்ணுக்குப் போன் செய்து கொடுங்கள். நிஜமாகவே உதவி தேவைப்படுகிறவர் அதில் நிம்மதிதான் அடைவார். அதிகாரி என்று சொல்லிக்கொண்டு சீருடை இல்லாமல் வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கண்ணாடி வழியாகவே காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இரவு தூங்கும்போது பல டிரைவர்கள் செய்வது ஒன்று உண்டு: சீட் பெல்ட்டை இழுத்துக் கதவின் உள்பக்கக் கைப்பிடிக்குள் விட்டு மறுபடி பக்கிளில் மாட்டிவிடுவது. பூட்டை நெம்பினாலும் கதவு எளிதில் திறக்காது. பெல்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலர் லோடு கட்டும் ராட்செட் பட்டையை இரண்டு கதவுக்கும் குறுக்கே இழுத்துக் கட்டுகிறார்கள், அது எனக்குப் பயமாக இருக்கிறது. தீ என்றால் ஒரே அழுத்தில் கழல வேண்டும்.

கேபினுக்குள் மயக்க வாயு அடித்துத் திருடுகிறார்கள் என்று பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிரான்ஸில் லாரிகளில் இப்படி நடப்பதாகப் பரவியபோது, பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெட்டிஸ்ட்ஸ், அதாவது மயக்க மருந்து டாக்டர்களின் அமைப்பு, இது கட்டுக்கதை என்றே சொன்னது. ஜன்னல் வழியாக ஈதர் அடித்தால் அதன் காட்டத்துக்கு இருமல் வந்து தூங்குகிறவரே எழுந்துவிடுவார். கேபினில் கொல்லக்கூடிய வாயு கார்பன் மோனாக்சைடுதான். குளிருக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிய வைத்தால் அது சேரும், வாடையே தெரியாது. மயக்குகிறவர்கள் வாயுவைவிடக் குடிக்கக் கொடுப்பதில்தான் கலக்குகிறார்கள். லோரசெபாம் போன்ற தூக்க மருந்துகள் நடந்ததையே மறக்க வைக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம், சிறுநீர் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். நாள் போனால் தடயம் கிடைக்காது.

பார்க்கிங்காரர்களிடம் போய்க் கேட்டேன். காவலாளி யாரையும் பார்க்கவில்லையாம். கேமரா இருக்கிறது, பதிவு இல்லையாம். ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் “பொருட்களுக்குப் பொறுப்பல்ல” என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். பாதுகாப்பான பார்க்கிங் என்று போர்டு வைத்துக் காசு வாங்குகிறவர்கள், உள்ளே வந்து போகிறவர்களின் பெயரைக்கூட எழுதி வைக்கவில்லை. ஆபீஸில் இன்னும் மோசம். போன வழிச்செலவுப் பணத்தை என் சம்பளத்தில் பிடிப்பதாக வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் கொடுங்கள், பூட்டு விஷயத்தில் ஒர்க்‌ஷாப் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இதுவரை எழுத்தில் எதுவும் வரவில்லை. உங்களுக்கும் இப்படிப் பிடித்தால் வாய்ப்பேச்சுக்குத் தலையாட்டாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

போலீஸில் புகார் பதிவாகியிருக்கிறது. கறை படிந்த சட்டையோடு வந்து ஹப் சீல் பற்றிப் பேசுகிற ஆளைப் பார்த்தால், கதவைத் திறக்காமல் அவரைக் கண்ணாடி வழியாக ஒரு போட்டோ எடுங்கள், அப்புறம் உடனே எதிர்ப்பக்க சைடு மிரரில் பாருங்கள், கூட்டாளி அங்கேதான் கதவை ஒட்டி நிற்பான். பொருள் எதுவும் போகாவிட்டாலும் ஸ்டேஷனில் ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று பேர் சொன்னால்தான் அந்த கேமரா பதிவு எங்கே போனது என்று யாராவது கேட்பார்கள்.