பங்கிறைச்சியா, முத்திரை குத்திய கடையிறைச்சியா?

தீபாவளி நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஊர் பங்கு தொடங்கிவிடும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, வளவிலேயே அடித்துக் கூறு போடுவார்கள். எங்கள் வீட்டு வழக்கமும் அதுதான். இப்போது நான் சந்தைக் கடைக்கு மாறிவிட்டேன், அதுவும் கொல்களத்தில் சோதித்துக் குத்திய முத்திரை தெரியும் தொடையாகப் பார்த்து.

பங்கின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. யார் வீட்டு ஆடு என்று தெரியும், மறியை, அதாவது பெட்டை ஆட்டை, கிடாய் என்று தலையில் கட்ட முடியாது, விலையும் கட்டுபடியாகும்.

ஆனால் ஆடு துள்ளித் திரிந்தது என்பது பாதிச் சோதனைதான். மீதி, அறுத்த பிறகு. கொல்களத்தில் ஈரல், நுரையீரல், நிணநீர்க் கணுக்களை முழுதாக வைத்துப் பார்த்த பிறகே முத்திரை விழ வேண்டும். பங்கில் எல்லாக் கூறுக்கும் ஈரல் சரிசமமாகப் போக வேண்டும் என்று அதை உடனே துண்டு போட்டுவிடுவார்கள். கட்டி தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் அரிந்து நாய்க்கு எறிவார்கள். ஈரலில் இப்படிக் கட்டி உண்டாக்கும் நீர்க்கட்டிப் புழு நாய்க்குப் போய்த் திரும்ப ஆட்டுக்கும் மனிதருக்கும் வருவது அந்த வழியில்தான். நன்றாக அவித்தால் போதும் என்பார்கள். கிருமி சாகும், சரி. வெயிலில் கிடந்த இறைச்சியில் சில கிருமிகள் விட்ட நஞ்சு கொதித்தாலும் போகாது.

போனில் சொன்னால் வீட்டுக்கே வரும் மலிவு மாட்டிறைச்சியை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. களவு மாடா, கன்றுத்தாய்ச்சியா, நேற்று ஊசி போட்ட மாடா என்று எலும்பெடுத்த துண்டைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இறைச்சி வியாபாரம் செய்யக்கூடாது என்று 1893ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் வாங்க ஆள் இருக்கும்வரை அந்த வியாபாரம் நடக்கத்தான் செய்யும்.

முத்திரை இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். விடியக் குத்திய முத்திரை, மத்தியானம் வரை கொக்கியில் தொங்கும் தொடையைக் காப்பாற்றாது. அதனால் வெயில் ஏறுமுன் போய்விடுகிறேன். என் அனுபவமும் நகரத்து ஓரிரு கடைகளோடு சரி. தீவகத்துச் சந்தைகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போகிறது, அளவைக் குறைத்து வாங்குகிறேன். ஈரல் வேண்டுமென்றால் முழுதாகத் திருப்பிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், ஆனால் காட்டுவார்.